ஒரு போல்ட்டுகூட மிச்சமில்ல

"நாலு போல்ட்டைக் கழட்டி மாட்டுறதுக்கு எதுக்கு மெக்கானிக்?"

இதை கிளார்க்கு எங்க நின்னு சொன்னாருன்னு பாருங்க. மெக்கானிக் ஷெட்ல, மெக்கானிக் மூஞ்சிக்கு நேரா! அவன் வேற யாரும் இல்ல, அவரு பொண்டாட்டியோட தம்பி. "சரி மாமா, கடைசியில எத்தனை போல்ட்டு மிச்சம்னு மட்டும் சொல்லுங்க"ன்னான். சுத்தி நின்னவங்க சிரிச்ச சிரிப்பு வீடு வரைக்கும் கூடவே வந்துச்சு.

கிளார்க்கு வீட்டு வண்டி இருபது வருஷத்து பிக்கப். மேடு வந்தா இன்ஜின் ஊரைக் கூட்டும், வண்டி மட்டும் நகராது. கிளட்ச் தட்டு தேஞ்சுபோச்சு. புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்துட்டாரு. அவரு வீட்டுக்காரம்மா செடி வளத்து விக்கிறவங்க. ஞாயித்துக்கிழமை காலையில முந்நூறு தொட்டி மேட்டு மேல இருக்குற காலேஜுக்குப் போய்ச் சேரணும். அவங்களோட முதல் பெரிய ஆர்டர். தவறினா அடுத்த கடைக்குப் போயிடும்.

சனிக்கிழமை விடிஞ்சதும் வண்டிக்கு அடியில படுத்துட்டாரு. முப்பது வருஷம் ஃபைல் அடுக்கின கை, சும்மா இருக்குமா? கழட்டின ஒவ்வொரு போல்ட்டையும் கழுவித் துடைச்சு, டப்பாவில போட்டு, சீட்டு எழுதி ஒட்டினாரு.

எதிர்வீட்டு டிரைவர் எட்டிப் பாத்தாரு. "அண்ணே, வண்டியைக் கழட்டுறீங்களா, குளிப்பாட்டுறீங்களா?"

"சுத்தமா செஞ்சா பாதி வேலை முடிஞ்ச மாதிரிய்யா."

ஜாக்கி வச்சு கியர் பாக்ஸை இறக்கி, பழைய தட்டை வெளிய எடுத்தாரு. தூக்கிப் போடப்போற சாமான்தான். ஆனாலும் அழுக்கோட வைக்க மனசு வரல. உப்புத்தாள் போட்டுத் தேச்சு, துடைச்சு, பக்கத்துல காலியா கெடந்த அட்டைப்பெட்டியில பத்திரமா வச்சாரு. சாப்பிட்டு வந்து பெட்டியைத் திறந்தாரு. தட்டு பளபளன்னு இருந்துச்சு. மாட்டினாரு.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லா டப்பாவும் காலி. ஒரு போல்ட்டுகூட மிச்சமில்ல! தெருக்கோடி மேட்டுல ஓட்டிப் பாத்தாரு. இன்ஜின் கத்துச்சு. வண்டி நின்ன இடத்துலயே நின்னுச்சு.

"புதுசு இல்லையா, கொஞ்சம் பழகணும்"னாரு.

"நாளைக்குக் காலையிலயே மேடு ஏறணும்னு அதுகிட்ட சொன்னீங்களா?"ன்னு கேட்டுட்டு அந்தம்மா உள்ள போனாங்க. முகம் கழுவி, துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தாங்க. நடுத்தட்டுல, மடிச்ச வேட்டிக்குள்ள கனமா என்னமோ இருந்துச்சு. அதைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்தாங்க.

"என்னங்க இது?"

தூசி படக்கூடாதேன்னு காலையில அவரே அந்த அட்டைப்பெட்டியில இருந்து எடுத்து, சுத்தி வச்ச புது தட்டு.

வரிசையா நின்ன முந்நூறு தொட்டியையும் அவரு ஒரு தடவை பாத்தாரு. அப்புறம் போனை எடுத்தாரு.

"சொல்லுங்க மாமா. எத்தனை போல்ட்டு மிச்சம்?"

"போல்ட்டு ஒண்ணுகூட இல்ல மாப்ள."

"அப்புறம் என்ன?"

"கிளட்ச் தட்டு ஒண்ணு மிச்சம்."

அந்தப் பக்கம் அவன் போனைக் கையால பொத்திக்கிட்டு சிரிச்சிருக்கான். ஆனா பத்தே நிமிஷத்துல வந்துட்டான். டப்பாவில சீட்டு ஒட்டியிருந்ததால ரெண்டு மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. போகும்போது, "நம்ம ஷெட்டுக்கும் வந்து இப்படி எழுதி ஒட்டிக் குடுங்க மாமா"ன்னான். கிண்டலா, நெஜமான்னு அவருக்குப் புரியல.

மறுநாள் முந்நூறு தொட்டியோட வண்டி மேட்டுல முனகாம ஏறுச்சு.

"பாத்தியா, என்னமா இழுக்குது!"ன்னாரு.

அந்தம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. "இருந்தாலும் பழசுதாங்க நல்லா பளபளன்னு இருந்துச்சு."