ஜாக்கி மேல் பிள்ளையார்

"விமானத்த ஜாக்கியில தூக்குறப்ப உள்ள யாருமே இருக்கக் கூடாதுன்னா, பிள்ளையாரு மட்டும் இருக்கலாமாப்பா?"

எப்போதோ ஒரு நாள் சோறு உண்ணும்போது மகள் ஹேமாவதி இப்படிக் கேட்டாள். காரைக்குடிக்கு வெளியே ஒரு சிறு விமானப் பயிற்சிக் கழகத்தில் காவலாளியாக இருக்கும் வீரபாண்டியன் சிரித்துவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டார். இன்று கொட்டகையில், விமானி இருக்கைக்கு முன்னால் வைத்திருந்த பிள்ளையாரோடு விமானம் மேலே எழும்போதுதான் அந்தக் கேள்வி அவரைக் குத்தியது.

மெக்கானிக் அகல்யா சக்கரத்தின் டயரை மாற்ற வந்திருந்தாள். காற்றுப் புகாமல் கொட்டகைக் கதவுகளைச் சாத்தினாள். தரை மட்டமா என்று பார்த்தாள். வால் தூக்கிவிடாதபடி அங்கே மணல் மூட்டைகளைக் கட்டினாள். பிறகு இரண்டு இறக்கைகளுக்கும் அடியில் வைத்த ஜாக்கிகளை, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஏற்றினாள். கிரீஸ் டப்பாவை எடுக்க மூலைக்குப் போனாள்.

பயிற்சியாளர் முத்துக்கிருஷ்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். போன வாரம்தான் அவர் எச்சரித்திருந்தார்: "இறக்கையில வேட்டி காயப் போட்டீக. இனிமே விமானத்துல கை வச்சீகன்னா வேற வேலை பாத்துக்கங்க, பாண்டி!"

பாண்டி கை மட்டும் வைக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, பிள்ளையாரை எடுக்க உள்ளேயே ஏறிவிட்டார்.

விமானம் மெல்ல ஆடியது.

"அண்ணே, அசையாதீக!"

"சாமிய மட்டும் எடுத்துக்கிட்டு இறங்கிர்றேன், தாயி."

"இறங்குனாத்தான் ஆபத்து! சாமியும் நீங்களும் இருந்த எடத்துலயே இருங்க."

"மூச்சு விடலாமா?"

"கொஞ்சமா விடுங்க."

நல்லவேளை, சக்கரத்தை அவள் இன்னும் கழற்றவில்லை. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று இறக்கினாள். மடியில் கட்டைவிரல் அளவுப் பிள்ளையாரோடு பாண்டி பவனி வருவதுபோல் இறங்கிவந்தார். அவர் கால் தரையில் பட்டு, செருப்பை மாட்டிய நேரத்தில் முத்துக்கிருஷ்ணன் வந்துவிட்டார்.

"என்ன அகல்யா, இன்னும் தூக்கலையா?"

பாண்டி பிள்ளையாரைக் கைக்குள் பொத்திக்கொண்டார். இந்த வேலை போனால், இந்த வயதில் வேறு எங்கே தேடுவது?

"தூக்கினேன் சார். விமானக் கதவப் பூட்டாம விட்டுட்டேன், என் தப்பு. அதான் இறக்கிட்டேன். மறுபடி ஏத்துறேன்."

அது பொய்யில்லை. பூட்ட வேண்டியது அவள் பொறுப்புத்தான். ஆனால் உண்மையின் எந்தப் பாதியை உரக்கச் சொல்வது என்பதிலும் கருணை இருக்கிறது.

"பாண்டி, கையில என்ன?"

"பிள்ளையாரு, சார்."

"நல்லாக் கும்பிட்டுட்டு கேட்டுக்குப் போங்க."

கேட்டருகே வேப்ப மரத்தடியில் அகல்யாவின் மொபெட் நின்றது. பின் டயரில் கருவேல முள் ஏறி, காற்று முழுக்க இறங்கியிருந்தது. பாண்டி சுற்றும் முற்றும் பார்த்தார். யாருமில்லை. முன் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தார். தம் சைக்கிள் பையிலிருந்த சாமானை வைத்து டியூபுக்கு ஒட்டுப் போட்டு, மூச்சு வாங்கக் காற்றடித்தார். கல்லை எடுத்த இடத்திலேயே வைத்தார்.

பிடுங்கிய முள்ளை, வேறு யார் காலிலும் ஏறாதபடி, மண்ணில் ஆழப் புதைத்தார்.