இந்திராணிக்கு மட்டும் மேடான தெரு

ஐப்பசி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலை ஐந்தே முக்கால் மணிக்கு, பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெரு இந்திராணிக்கு மட்டும் மேடானது. அன்று தக்காளி கிலோ இருபத்தெட்டு ரூபாய், மழை இல்லை, மின்சாரம் இருந்தது. பக்கத்தில் நடந்த மெஹதாப்புக்குத் தெரு எப்போதும் போலத் தட்டையாகக் கிடந்தது. பால்காரரின் வண்டி வழக்கமான வேகத்தில் போனது. இந்திராணி மட்டும் முதுகில் அரிசிப் பை அடைத்த மூட்டையோடு, இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, ஒரு விளக்குக் கம்பத்துக்கும் அடுத்த கம்பத்துக்கும் நடுவே மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினாள். நெஞ்சு வலிக்கிறதா என்று மெஹதாப் பதறினாள். "நெஞ்சு நல்லாதான் இருக்குது. ரோடுதான் ஏறிக்கினு போவுது" என்றாள் இந்திராணி. வீட்டுக்கு வந்து போனைப் பார்த்தபோது, அவள் அன்று பதினான்கு மாடி ஏறியதாக அதுவும் சொன்னது. அது பொய் சொல்லும் போன் இல்லை.

இது கொரோனாவுக்கு ஒன்றரை வருஷம் முன்பு. இந்திராணிக்கு அப்போது அறுபத்தொரு வயது. கல்யாணமாகி வந்த மறுவாரமே தறிக்குழிக்குள் காலை இறக்கியவள், நாற்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்த இடத்திலேயே மிதித்தாள். அவள் தறி வாசலைப் பார்த்திருந்தது. குழியில் உட்கார்ந்தால் கண் தரைக்கு இரண்டடி மேலே நிற்கும்; தெருவில் போகிறவர்களின் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். அதனால் அந்தத் தெருவில் எல்லாரையும் அவளுக்குக் கணுக்காலை வைத்துத் தெரியும். யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, எந்த மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்பதையெல்லாம் கணுக்கால் வாசற்படி தாண்டுவதற்குள் சொல்லிவிடுவாள். முகத்தைக் காட்டினால்தான் கொஞ்சம் யோசிப்பாள். அவளுக்கு இருந்த ஆசை ஒன்றே ஒன்று. சாவதற்குள் ஒரு தடவையாவது நல்ல உயரத்தில் நின்று கீழே பார்க்க வேண்டும். புருஷன் கலியாணசுந்தரம் பிளேனில் கூட்டிப்போகிறேன் என்றார். "அதுலயும் உக்காந்துக்கினுதானே போவணும்" என்று சொல்லி அந்தப் பேச்சை அவள் முடித்துவிட்டாள்.

வழி காட்டியது மெஹதாப்தான். அவள் புருஷன் கியாசுதீன் அதே தெருமுனையில் சரிகைக் கடை வைத்திருந்தார்; இரண்டு பெண்களுக்கும் முப்பது வருஷப் பழக்கம், மெஹதாப்புக்கு இந்திராணி எப்போதும் 'இந்து'தான். வடக்கே பனிமலையில் ஐந்து நாள் முதுகுப்பையோடு நடத்திக் கூட்டிப்போகும் ஒரு கம்பெனியின் விளம்பரம் மெஹதாப்பின் போனில் வந்தது. விதிகள் கறாராக இருந்தன. அறுபத்திரண்டு முடிந்தவர்களுக்கு இடமில்லை. அறுபது தாண்டியவர்கள் ஜோடியாகத்தான் வர வேண்டும். ஒருவர் பாதியில் திரும்பினால் மற்றவரும் திரும்ப வேண்டும். ஒன்பது கிலோ பையை அவரவரே சுமக்க வேண்டும். சித்திரை முடிவதற்குள் ஐந்து கிலோமீட்டரை நாற்பத்தைந்து நிமிஷத்தில் நடந்து காட்ட வேண்டும். வைகாசியில் பயணம், ஆவணியில் இந்திராணிக்கு அறுபத்திரண்டு முடிகிறது. இந்த வைகாசியை விட்டால் அடுத்த வைகாசி அவளுக்குக் கிடையாது.

வாரத்தில் மூன்று நாள் மேடு ஏறிப் பழகுங்கள் என்று கம்பெனி எழுதியிருந்தது. காஞ்சிபுரத்தில் கோயிலுக்குக் குறைவில்லை, மேட்டுக்குத்தான் பஞ்சம். திருப்பருத்திக்குன்றம் வரை நடந்து பார்த்தார்கள். அங்கேயும் குன்று பேரில்தான் இருந்தது. ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் கால் புதையப் புதைய நடந்தார்கள்; ஆறும் தட்டைதான். திரும்பி வரும்போது தெருமுனைப் பிள்ளையாரிடம் இந்திராணி வேண்டுதலாகக்கூட இல்லை, குறையாகச் சொன்னாள்: "உன் அப்பாவுக்கு ஒரு மலை இருக்குது, தம்பிக்கு ஆறு மலை இருக்குது. எங்க ஊருக்கு ஒரு மேடு குடுத்தா இன்னா?" மறுநாள் தெரு ஏறிவிட்டது. தெருக்காரர்கள் இரண்டு நாள் வேடிக்கை பார்த்தார்கள். மூன்றாம் நாள் அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள்.

மார்கழிக்குள் தெரு நன்றாக நிமிர்ந்துகொண்டது. எலும்பு டாக்டர் தேய்ந்துவிட்டது என்று சொன்ன இடது முட்டி, முதலில் முனகி, அப்புறம் முனகலை நிறுத்தியது. தொடை இறுகியது. வாரத்துக்கு அரைக் கிலோ அரிசி கூட்டிக் கூட்டிப் பை ஏழு கிலோவுக்கு வந்தது. கியாசுதீன் அதைச் சரிகைத் தராசில் வைத்துக் கிராம் சுத்தமாக நிறுத்துச் சொன்னார். ஆனால் இந்த மேட்டில் ஒரு குறை இருந்தது. ஏற்றம் இருந்ததே தவிர உயரம் இல்லை. மூச்சு முட்ட ஏறி முடித்து நிமிர்ந்தால் அதே மதில், அதே போஸ்டர், அதே டீக்கடைதான் கண்ணுக்கு நேரே இருக்கும். மேடு கிடைத்த பிறகும் மலைக்குப் போகத்தான் வேண்டியிருந்தது.

தை மாதம் இந்திராணி தப்பு பண்ணினாள். நெசவுக்காரர்கள் விடியற்காலையில் பட்டுப் பாவைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவார்கள். பாவு என்பது புடவையின் நீளவாக்கு இழை. மூன்று புடவைக்கு உண்டானதை ஒன்றாக நீட்டுவது வழக்கம். அந்த நேரத்தில் தெருவில் போகிறவர் யாராக இருந்தாலும் கை கொடுக்க வேண்டும், கொடுப்பதற்கு முன் சுமையைக் கீழே இறக்க வேண்டும். சுமையோடு பாவைத் தொட்டால் சுமை பாவில் ஏறிவிடும் என்பது அந்தத் தெருவின் சாத்திரம். அன்று கலியாணசுந்தரத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. நடந்து வந்த இந்திராணி, மேட்டின் உச்சியில் நின்றபடி, முதுகில் பையோடு, அவசரத்தில் பாவின் முனையைப் பிடித்து இழுத்தாள். பாவு ஒரு தரம் விம்மி அடங்கியது. அவள் முனையை விட்டுத் திரும்பினாள். தெரு மற்ற எல்லாருக்கும் போல அவளுக்கும் தட்டையாகியிருந்தது.

எங்கே போனது மேடு என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. அவள் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போட்டாள்; அதுவும் முட்டிக்கு நல்லதுதான், ஆனால் தெரு அசையவில்லை. வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கினாள், தலை சுற்றியதுதான் மிச்சம். மூன்று மாதம் எறும்பு போலச் சேர்த்த பலம் பதினைந்து நாளில் கரைய ஆரம்பித்தது. முட்டி பழைய குரலில் பேசியது. மாசி பிறந்தபோது, குழியில் இருந்து எழுந்திருக்கக் கலியாணசுந்தரம் கை கொடுக்க வேண்டியிருந்தது. அவர் கையைப் பிடித்து எழுந்தவள் அப்படியே நின்று அழுதாள். ஊர் மலை முழுவதையும் யாரோ தூக்கிக்கொண்டு போனது போல இருந்தது அவளுக்கு.

அந்தப் பாவில் மூன்று புடவை நெய்தார்கள். இரண்டில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவது, அவள் பிடித்த முனையில் வந்தது, மாம்பழ நிற உடலும் அரக்குக் கரையும் கோபுர வரிசையுமாக, சங்கீதா என்ற பெண்ணின் முகூர்த்தப் புடவையாகப் போனது. கல்யாணத்தில் அந்தப் பெண் மணமேடையைச் சுற்றி வர இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று. மாப்பிள்ளை அவள் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தே களைத்துப்போனார். நாதஸ்வரக்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்தார். இரண்டாம் சுற்றில் மணப்பெண் நாற்காலி கேட்டாள். பங்குனி முதல் வாரம் அவள் அம்மா புடவையை எடுத்துக்கொண்டு வந்தார். "புடவை சூப்பரா இருக்குதும்மா, குத்தம் சொல்லக்கூடாது. ஆனா கட்டிக்கினு நடந்தா மலை ஏற மாதிரி மூச்சு வாங்குதாம். வேற மாத்திக் குடுங்க" என்றார். இந்திராணி புடவையை வாங்கி, உள்ளே போய்க் கட்டிக்கொண்டு கூடத்தில் நாலடி வைத்தாள். தொடை கனத்தது. இத்தனை நாளும் தேடிய மேடு அவள் இடுப்பைச் சுற்றி இருந்தது.

அடுத்த நாள் முதல் ஊர் ஒரு புதுக் காட்சியைப் பார்த்தது. விடிகாலையில், முகூர்த்தப் பட்டு கட்டி, கேன்வாஸ் ஷூ போட்டு, முதுகில் பையோடு ஓர் அம்மா சன்னதித் தெருவில் வியர்த்து விறுவிறுத்துப் போவார். பக்கத்தில் புர்கா போட்ட இன்னோர் அம்மா கதை பேசிக்கொண்டே சாவகாசமாக வருவார். சித்திரைக் கடைசியில், புடவையை அவிழ்த்து வைத்துவிட்டுச் சாதாரண சுடிதாரில் இந்திராணி பரீட்சை நடந்தாள். தட்டைத் தெரு அவளுக்கு இறக்கம் போல இருந்தது. நாற்பத்தொரு நிமிஷம். மெஹதாப் நாற்பத்து நாலரை.

இதற்கு நடுவில் கலியாணசுந்தரம் ஒரு கண்டுபிடிப்புச் செய்திருந்தார். ஏற்றத்துக்கு ஒரு முனை இருந்தால் இறக்கத்துக்கும் ஒரு முனை இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. யாரும் இல்லாத நேரம் பார்த்துப் புடவையைத் தலைகீழாக, முந்தானை உள்ளே போகும்படி வேட்டிக்கு மேலே சுற்றிக்கொண்டு ஓரடி வைத்தார். நிற்க முடியாமல் கூடத்தில் ஓடிப் பீரோவில் மோதினார். நெற்றி வீக்கத்தோடு பெண்டாட்டியிடம் சொன்னார்: "அங்க போயி இத திருப்பிக் கட்டிக்கினா, நீ பாட்டுக்கு எறங்கிக்கினே மேல போயிடலாம்மா." இந்திராணிக்கு வந்த கோபத்தை அவர் நாற்பத்திரண்டு வருஷத்தில் பார்த்ததில்லை. "நாப்பது வருசம் மிதிச்சி ஒரு அடி நகரல. இத நான் ஏறணும். புடவை ஏறி எனக்கு இன்னா ஆவப்போவுது?" என்றாள். அவர் தலையாட்டினார். கிளம்பும் அன்று கியாசுதீன் பையை நிறுத்தபோது, ஒன்பது கிலோவுக்கு எண்ணூற்று இருபது கிராம் அதிகம் இருந்தது. புருஷன் முறுக்கு வைத்திருப்பார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மலையில் மூன்று நாள் ஒரு குறையும் இல்லை. நான்காம் நாள், உச்சிக்கு ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது, பின்னால் வந்துகொண்டிருந்த இந்திராணி மெஹதாப்பின் கணுக்காலைப் பார்த்தாள். மேட்டில் முன்னால் போகிறவரின் கணுக்கால் பின்னால் வருகிறவரின் கண்ணுக்கு நேரே இருக்கும். குழியில் உட்கார்ந்த மாதிரிதான். இடது கால் வெளிப்பக்கமாக மடிந்து மடிந்து நிமிர்ந்தது. இது இன்னும் நூறு அடிதான் தாங்கும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எண்பதாவது அடியில் மெஹதாப் ஒரு பாறையில் உட்கார்ந்தாள். ஏழு மாதமும் தட்டையில் நடந்தவள் அவள். அவளுக்கு எந்தத் தெருவும் ஏறவில்லை. வழிகாட்டி விதியைச் சொன்னான். இரண்டு பேரும் இறங்க வேண்டும். "நீ போ இந்து, நான் இங்கயே உக்காந்து செத்த மாதிரி நடிக்கிறேன்" என்று மெஹதாப் சிரிக்கப் பார்த்து, முடியாமல், முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சிநேகிதியின் காலுக்குத் துணி கட்டலாம் என்று இந்திராணி பையின் அடியில் கையை விட்டாள். முறுக்கு இல்லை. பட்டு தட்டுப்பட்டது. புருஷனை நன்றாக வாழ்த்தினாள். அந்த வார்த்தைகளை இங்கே எழுத வேண்டியதில்லை. அப்புறம் மெஹதாப்பை எழுப்பி நிறுத்தி, கம்பளிச் சட்டைக்கு மேலே, கலியாணசுந்தரம் சொன்ன மாதிரியே முந்தானை உள்ளே போகும்படி புடவையைச் சுற்றிவிட்டாள். மெஹதாப் ஓரடி வைத்தாள். "அல்லா" என்றாள் மெதுவாக. பிறகு கையை வீசிக்கொண்டு, சந்தைக்கு இறங்கிப் போகிறவள் போல, அரக்குக் கரை பனியில் புரள மலை மேலே போய்விட்டாள். வழிகாட்டி பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தான்.

இந்திராணி மிச்ச மேட்டைத் தன் காலால் ஏறினாள். இரண்டு மணி நேரம் ஆயிற்று. மேலே போய்த் திரும்பி நின்று கீழே பார்த்தாள். பள்ளத்தாக்கு, நூல் மாதிரி ஓர் ஆறு, பின்னால் ஏறி வருகிற மனிதர்கள். அவர்களுடைய உச்சந்தலைகள் தெரிந்தன. ஒருவருக்கு வழுக்கை, ஒரு பெண்ணுக்கு வகிடு கோணல். தலையின் உச்சியில் பார்க்க இத்தனை இருக்கிறதா என்று நினைத்து அவள் சத்தமாக அழுதாள். சந்தோஷத்தில் அழுகிற அழுகைதான், வேறு காரணம் இல்லை. மெஹதாப் ஏற்கெனவே ஒரு கல்லில் சாய்ந்திருந்தாள், நெற்றியில் வியர்வைகூட இல்லை. "டீதான் இல்ல இங்க" என்றாள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு புடவை பீரோவுக்குப் போனது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டை மடிப்பு மாற்றி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பிலேயே இழை விட்டுவிடும். இது ஊரில் குழந்தைக்கும் தெரியும். கொரோனாவில் எட்டு மாதம் கதவைச் சாத்தி உட்கார்ந்தபோது இந்திராணி அதை மறந்தாள். எடுத்துக் கட்டியபோது அது வெறும் புடவையாக இருந்தது, மேடு போய்விட்டிருந்தது. அவளும் குழியில் இருந்து மறுபடி கை கேட்டாள். கேட்ட அன்றே பழைய பையில் இரண்டு கிலோ அரிசி போட்டுக்கொண்டு, தட்டைத் தெருவில் முதலில் இருந்து நடக்க ஆரம்பித்தாள். மெஹதாப்பும் வந்தாள். அந்தக் கம்பெனிக்கு இனி அவர்கள் வேண்டாம். பருவதமலை அப்படியெல்லாம் வயது கேட்பதில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு பேரும் பையோடு அங்கே போய் வருகிறார்கள்.

இப்போது இந்திராணிக்கு அறுபத்தெட்டு வயது. போன ஐப்பசியில் தெரு மறுபடி ஏற ஆரம்பித்தது. அவள் பிள்ளையாரிடம் எதுவும் கேட்கவில்லை. இது வயசும்மா என்கிறார் எலும்பு டாக்டர். இருக்கலாம் என்கிறாள் அவள், பையை மாட்டிக்கொண்டு. முன்பு போல இல்லாமல் இந்தத் தடவை தெரு மெஹதாப்புக்கும் ஏறுகிறது. முதல் நாள் இரண்டாவது விளக்குக் கம்பத்தில் மெஹதாப் தொடையில் கை ஊன்றி நின்று, மேலே பார்த்து, "இதத்தான் அன்னிக்கி சொன்னியா இந்து? நான் நம்பவே இல்லப்பா" என்றாள். இந்திராணி பக்கத்தில் நின்று கை கொடுத்தாள். இரண்டு பேரும் கம்பத்துக்குக் கம்பம் நின்று ஏறுகிறார்கள். டீக்கடை உச்சியில் இருக்கிறது. ஆறரைக்குப் போய்ச் சேருகிறார்கள்.