தெனுக் குட்டியும் கூட்டறிக்கையும்

1

இந்தக் கதை நாளிதழின் ஒரு பக்கத்திலிருந்து வந்தது. மேலே, வனவிலங்கு, வறட்சி, மின்சிக்கனம் பற்றி அண்டை நாடுகள் ஈப்போவில் கூடிப் பேசிய செய்தி. கீழே, தாப்பாவுக்கு அருகே தெனுக் ஒன்றைக் கொன்றதாக ஒருவர் கைதான செய்தி. நடுவில் மெத்தை விளம்பரம். மெத்தையை எடுத்துவிட்டு, மேலே ஒரு தங்கையையும் கீழே ஓர் அண்ணனையும் வைத்தேன்.

(தெனுக்: மூக்கு நீண்டு தொங்கும், இடுப்பில் வெள்ளைத் துணி சுற்றியதுபோன்ற கறுத்த காட்டு விலங்கு.)

2

'வறண்ட மண் வானத்தைப் பார்த்து…' என்று ஆரம்பித்தேன். மண் எதையும் பார்க்கவில்லை. விட்டுவிட்டேன்.

ஷாமினிக்கு மாநாட்டுச் செயலகத்தில் வேலை. கூட்டறிக்கையை எழுதுவது அவள் பொறுப்பு. மின்சிக்கனம் பற்றிய அமர்வில் மண்டபம் அப்படிக் குளிர்ந்தது. பேராளர்கள் மேலங்கியைக் கழற்றவேயில்லை. வறட்சிக் காலத்தில் காட்டோரக் குளங்களைத் தூர்வாரி, விலங்குக்கும் மனிதருக்கும் தண்ணீர் கிடைக்கச் செய்வோம் என்று அவள் ஒரு வாக்கியம் சேர்த்திருந்தாள். எந்த நாடு செலவு செய்வது என்று கேள்வி வந்தது. தேநீர் இடைவேளைக்குள் அது 'கவனத்தில் கொள்வோம்' என்றாகிவிட்டது.

அவள் பிறந்த ரப்பர் தோட்டத்தில் அப்படி ஒரு குளம் உண்டு. தோட்டம் கைமாறி, மரங்கள் சாய்ந்து, தொழிலாளர் லயத்து வரிசை வீடுகளில் சில குடும்பங்கள்தான் மிச்சம். அண்ணன் கனகராஜ் குளத்தங்கரையில் கத்தரியும் மிளகாயும் போட்டிருந்தார். மழை பொய்த்த இந்த வருஷம் சுற்றுவட்டாரத்துக்கே அந்தக் குளம்தான் தண்ணீர். காட்டிலிருந்து தெனுக் இறங்கி வந்து செடிகளை மிதித்தது. கனகராஜ் வனவிலங்கு அதிகாரிகளிடம் உதவி கேட்டு அலைந்தார். யாரும் வரவில்லை. வீட்டு மின்சாரத்தை இழுத்துக் கம்பி கட்டினார்.

3

மாநாட்டின் கடைசி நாள் காலையில் அண்ணி துளசி போன் செய்து, என்ன ஏதென்று சொல்லாமல், உடனே வரச் சொன்னாள். ஷாமினி காரை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

தாய்த் தெனுக் கம்பியோரம் செத்துக் கிடந்தது. உடம்பெல்லாம் வரி போட்ட குட்டி அதன் மடியை முட்டிக்கொண்டிருந்தது. கனகராஜ் மண் வெட்டும் சங்கோலோடு நின்றார்.

"பொதைச்சிடலாம்லா. வீட்டு ஆளுங்களத் தவிர யாருக்குத் தெரியும்?"

"குட்டிய என்னண்ணே செய்யப் போறீங்க?"

அவர் சங்கோல் பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

[இங்கே ஷாமினியும் சேர்ந்து குழி வெட்டுவதாக முதலில் எழுதினேன். அண்ணன், தங்கை, வியர்வை… நன்றாகத்தான் வந்தது. ஆனால் அந்தக் குழிக்குள் குட்டியையும் தள்ள வேண்டியிருந்தது. அந்தப் பத்தியை அடித்துவிட்டேன்.]

ஷாமினி அதிகாரிகளுக்குப் போன் செய்தாள். இந்தத் தடவை உடனே வந்தார்கள். குட்டிக்கு ஈரச் சாக்கு போர்த்திக் கூண்டில் ஏற்றினார்கள். கனகராஜுக்குச் சட்டை மாட்டிக்கொள்ள நேரம் கொடுத்தார்கள். துளசி ஷாமினிக்காகக் கலக்கி வைத்திருந்த தேத்தண்ணியை எடுத்துப் போய் வாசலில் கொட்டினாள்.

4

மாலை நிறைவு அமர்வு. உள்ளூர் மக்களிடம் விழிப்புணர்வு போதாது என்பதற்கு இன்று காலைச் சம்பவமே சாட்சி என்றார் தலைவர். தகவல் தந்தவர் தம்முடைய ஊழியர் என்பதில் பெருமை என்றார். கைது செய்யப்பட்டவர் அவளுக்கு யார் என்று அவருக்குத் தெரியாது. எழுந்து நிற்கச் சொன்னார்கள். கைதட்டினார்கள்.

ஷாமினி எழுந்து நின்றாள்.

[அவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது இங்கேதான். ஏன் எழுந்தாள்? பேசாமல் உட்கார்ந்திருக்கலாம். உட்கார வைத்தும் எழுதிப் பார்த்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ஷாமினி இல்லை, நான் விரும்பிய வேறு யாரோ.]

5

ஜாமீனில் வந்த அண்ணனைப் பார்க்கப் போனாள். கனகராஜ் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. ஷாமினி வெயிலில் நின்றாள். கடைசியில் அவரே கேட்டார்.

"அந்தக் குட்டி பொழச்சிக்கிச்சா?"

குட்டி பாலே குடிக்காமல் செத்துப்போயிருந்தது. செய்தி அவளுக்கு அலுவலகத்தில் கிடைத்திருந்தது. இல்லை என்று சொன்னால், எதற்காக அண்ணனைப் பிடித்துக் கொடுத்தாள் என்பதற்கு அவளிடம் ஒன்றும் மிஞ்சாது. பிழைத்துவிட்டது என்றால் அவர் நம்புவார். ஒருநாள் போய்ப் பார்க்கலாமா என்றும் கேட்பார்.

குட்டியை உயிரோடு எழுத எனக்கு ஒரு வரி போதும். எழுதமாட்டேன். பதிலையும் நான் எழுதப்போவதில்லை. கனகராஜ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் சொல்லுங்கள்.