பெயர் போடாத சீட்டு

என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து மூன்று வருடமாகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் இடுப்புப் புண் இன்னும் குழிந்துபோகும். அவர் எண்பது கிலோ, நான் ஒற்றை ஆள். இனி இப்படித்தான் என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் புதன்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். அரைமணி நேரம் இறங்கிவிட்டு வருவேன். ஆளுக்கொரு வேண்டுதலைச் சீட்டில் எழுதி டப்பாவில் போடுவோம். யார் கைக்கு எந்தச் சீட்டு வருகிறதோ, அவர் அதற்காக ஒரு வாரம் ஜெபிக்க வேண்டும். வெளியே சொல்லக் கூடாது. மூன்று வருடமாக, "கணவர் சுகமாக வேண்டும்" என்றுதான் எழுதினேன். படிக்கட்டில் பார்த்தால், "ஜெபிச்சுக்கிட்டுதான் இருக்கோம் சிஸ்டர்" என்பார்கள். நல்லவர்கள்தான். ஆனால் ஜெபித்துவிட்டு அவர்கள் தூங்கினார்கள், நான் எழுந்து புரட்டினேன். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஒரு புதன்கிழமை முதுகு பிடித்துக்கொண்டது. நிமிரவே முடியவில்லை. வந்த கோபத்தில் கைக்குக் கிடைத்த அட்டையைக் கிழித்து, "இவர் சீக்கிரம் செத்துப்போக வேண்டும். எனக்கு விடுதலை வேண்டும்" என்று எழுதினேன். பெயர் போடவில்லை. கையெழுத்தைக்கூட மாற்றிக் கிறுக்கி, கீழே போய் டப்பாவில் போட்டேன். பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு.

மறுநாள் காலை கதவைத் தட்டியது எங்கள் சபையிலிருக்கும் லிஃப்ட் மெக்கானிக். கையில் என் சீட்டு. அதைத் திருப்பிக் காட்டினார். பின்னால் கணவரின் புண்ணுக்குப் போடும் களிம்பின் பெயர் அச்சாகியிருந்தது.

"படுக்கைப்புண் மருந்து நம்ம சபையில வேற யார் வீட்டுலக்கா இருக்கு?"



"உபதேசம் பண்ண வந்தீங்களா?" என்று சீறினேன்.

"இல்லக்கா. முட்டி போட்டுப் பார்த்தேன், வாய் வரல. எங்கம்மா அஞ்சு வருஷம் படுக்கையில கிடந்தாங்க. நானும் இதைத்தான் கேட்டேன். அவங்க போனதும், நான்தான் கொன்னுட்டேன்னு மனசுல விழுந்திடுச்சு. பத்து வருஷமாச்சு. இன்னைக்குத்தான் ஒரு ஆள்கிட்ட சொல்றேன்."

வாசலில் நின்றபடியே அழுதேன். இப்படி நினைப்பவள் உலகத்திலேயே நான் ஒருத்திதான் என்று அதுவரை நம்பியிருந்தேன்.

"இப்ப எந்தப் பக்கம் புரட்டணும்?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்.

வந்தவர் அக்குளில் கைகொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தார். கணவர் முனகினார்.

"ஐயோ, இது என்ன லிஃப்டா? கீழே விரிச்சிருக்கிற துணியோட சேர்த்துப் பிடிங்க!"

பிடித்தார். மூன்று வருடத்தில் முதல்முறையாக என் முதுகு வலிக்காமல் கணவர் இடதுபக்கம் திரும்பினார்.

"ஒரு மணி நேரம் நான் பாத்துக்கறேன். வெளிய போய்ட்டு வாங்கக்கா."

போனேன். எங்கே போவதென்று தெரியவில்லை. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். நான்கு பேருந்துகள் வந்து போயின. ஒன்றிலும் ஏறத் தோன்றவில்லை. நாற்பது நிமிடத்தில் திரும்பிவிட்டேன். புண் அப்படியே இருந்தது. கணவரின் கண் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. என் மனதிலிருந்த ஆசையும் அப்படியேதான் இருந்தது.

மெக்கானிக் சனிக்கிழமையும் வந்தார். வேறு அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. புண்ணில் எலும்பு தெரிய ஆரம்பித்தது.

அடுத்த புதன்கிழமை நல்ல தாளாக எடுத்து, போன வாரம் எழுதியதையே எழுதினேன். வியாழனும் சனியும் ஆள் இருக்கிறது, மற்ற நாட்களுக்குப் புரட்ட ஆள் வேண்டும் என்றும் சேர்த்தேன். கீழே என் பெயரை முழுதாகப் போட்டேன்.

அந்தச் சீட்டு பாஸ்டரம்மா கைக்குப் போயிற்று. அவர் படித்தார், இன்னொரு முறை படித்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை.