கிழவனுக்கு விழுந்த பெருக்கல் குறி

அணைக்கட்டு அலுவலகத்தில் நேரத்துக்குப் பொறுப்பு அவள்தான். கேட்டால் சிரிப்பு வரும். நேரத்துக்கு எதற்கு ஓர் ஆள், அது தன் பாட்டுக்குப் போகாதா என்று கேட்டவர்கள் பலர். போகும்தான். ஆனால் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அது அதன் இஷ்டத்துக்குப் போகும், ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். எல்லாவற்றையும் ஒரு கட்டுக்குள் வைத்திருக்க மாடியில் அவள் அறையில் ஒரு சர்வர் இருந்தது. வருகைப் பதிவு இயந்திரம், வராந்தாவில் தொங்கும் சிவப்பு எண் கடிகாரம், சாப்பாட்டு மணி, ஆற்றங்கரையில் நிற்கும் அபாயச் சங்கு, எல்லாமே அந்த சர்வரைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். கணவன் அவளுக்கு வைத்த பெயர் நேரக்காரி. அலுவலகத்திலும் அதுவே நிலைத்துவிட்டது.

மதகு திறப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் சங்கு ஊத வேண்டும். ஆற்றுக்குள் துவைப்பவர்கள், குளிப்பவர்கள், மாடு குளிப்பாட்டுபவர்கள் எல்லோரும் கரையேற அதுதான் அவகாசம். இதில் ஒரு விஷயம் உண்டு. மதகைத் திறக்கும் கம்ப்யூட்டர் அவள் பொறுப்பில் இல்லை. அது தலைமையகத்திலிருந்து வரும் தனி இணைப்பில் நேரம் வாங்கிக்கொள்ளும். சங்கும் மதகும் ஒன்றோடொன்று பேசுவதே கிடையாது. இரண்டும் சரியான மணியில் இருக்கும்வரை பேச வேண்டிய தேவையும் இல்லையே என்று யாரோ எப்போதோ நினைத்து அப்படியே விட்டிருந்தார்கள். பிறகு வந்தவர்களும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

கணவனுக்கும் அதே அணையில்தான் வேலை. ஆற்றின் நடுவே பாறைமேல் நிற்கும் அளவுக் கம்பத்தைப் பார்த்து நீர்மட்டம் சொல்பவன். கம்பத்துத் தகடுகளில் பாசியைச் சுரண்டி, எண்களுக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதும் அவன் வேலைதான். அவள் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கம்பமும் அவனுடைய மஞ்சள் தலைக்கவசமும் தெரியும். முகம் தெரியாது, குரல் எட்டாது. சங்கு ஊதியதும் ஊரே அலறிப் புடைத்துக் கரையேறும்போது இவன் மட்டும் நிமிர்ந்து, அலுவலகத்தைப் பார்த்து ஒரு கையை ஆட்டுவான். பிறகு குனிந்து பத்து நிமிடம் நிதானமாக வேலையை முடிப்பான். அதற்கப்புறம் தூரிகையைக் கழுவி, டப்பாவை மூடி, நாலு நிமிடத்தில் கரைக்கு வந்துவிடுவான். வருடக்கணக்காக இப்படித்தான். மதகுக்காரர் பலமுறை திட்டியும் பார்த்துவிட்டார். செவிடன் காதில் ஊதிய கதைதான்.

அன்று காலையிலும் அதே பேச்சு நடந்தது. நாத்தனாரின் பிரசவத்துக்காக மூன்று வாரம் விடுப்பில் போயிருந்த அவள், அன்று மதியம்தான் மறுபடி வேலைக்குப் போகவேண்டியிருந்தது. அந்த மூன்று வாரமும் அணையில் தண்ணீர் தேக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள்கூட மதகு திறக்கவில்லை.

"இன்னிக்கு நாலு மணிக்குத் தொறக்கறாங்களாம்," என்றான் சட்டைப் பொத்தானைப் போட்டபடி. "இன்னும் மூணு தகடு பாக்கி இருக்கு. முடிச்சுடுவேன்."

"ஏங்க, இன்னிக்காவது ஊதின ஒடனே மேல ஏறிடுங்களேன்."

"எதுக்கு? வேற எவனாவது குடுத்த நேரம்னா ஏறிடுவேன். இது என் பொண்டாட்டி குடுத்த கால் மணி நேரம். அதுல ஒரு நிமிஷத்தைக்கூட நான் வீணாக்க மாட்டேன்." சிரித்துவிட்டு, "ஜன்னல்கிட்ட நில்லு, கை ஆட்டறேன். மூணு வாரமா சங்கும் இல்ல, கை ஆட்ட நீயும் இல்ல," என்றான்.

அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைத்துக்கொண்டு, போங்க என்று விரட்டினாள்.

பெருமைக்கும் காரணம் இருந்தது. வேறு யாரும் தினமும் செய்யாத ஒன்றை அவள் செய்துவந்தாள். காலையில் வந்து உட்கார்ந்ததும் கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடிப்பாள். அவளுடைய சர்வர் எந்தெந்த நேரப் பெட்டிகளிடம் மணி கேட்கிறது, ஒவ்வொன்றும் என்ன சொல்கிறது, எவ்வளவு வித்தியாசம் என்று திரையில் ஒரு பட்டியல் விழும். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு குறி. நட்சத்திரம் இருந்தால், இதைத்தான் நம்புகிறேன் என்று அர்த்தம். கூட்டல் இருந்தால், இதுவும் ஒத்துப்போகிறது. பெருக்கல் குறி இருந்தால், இது பொய் சொல்கிறது.

அவளிடம் மூன்று பெட்டிகள் இருந்தன, வானத்துச் செயற்கைக்கோளிடம் ஆன்டெனா வழியாக மணி வாங்க வேண்டியவை. படிக்கட்டுக்குக் கீழே, உடைந்த நாற்காலிகளுக்கு நடுவே கிடந்த பழையது ஒன்று. அவள் அதைக் கிழவன் என்பாள். மற்ற இரண்டும் ஒப்பந்தக்காரர் புதிதாகக் கொண்டுவந்து மொட்டை மாடியில் வைத்தவை, பளபளவென்று இருந்தன. விடுப்புக்கு முந்தின நாள் கட்டளையை அடித்தபோது கிழவனுக்கு முன்னால் பெருக்கல் குறி விழுந்திருந்தது. புதியவை இரண்டும் ஒன்று சொல்ல, கிழவன் மட்டும் வேறு சொன்னான். இரண்டு பேர் ஒத்துப்போய் ஒருவன் முரண்டு பிடித்தால் யாரை நம்புவீர்கள்? கருவியும் அப்படித்தான் நம்பும். அவளும் அப்படித்தான் நம்பினாள்.

"வயசாயிடுச்சு ஒனக்கு," என்று சொல்லிக்கொண்டே கிழவன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தாள். மின்சாரத்தை மட்டும் நிறுத்தவில்லை, படிக்கட்டுக்குக் கீழே குனிய சோம்பல். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

மூன்று வாரம் கழித்து, மதியம், அலுவலகத்துக்குள் நுழையும்போதே அவள் தாமதம். வருகைப் பதிவில் விரலை வைத்தாள். இயந்திரமோ அவள் சீக்கிரமே வந்துவிட்டதாகச் சொன்னது. கணக்குப் பிரிவுக்காரர் பின்னால் நின்று சிரித்தார்.

"ஒங்களுக்கும் யோகம்தான். மெஷின் மெதுவா போகுதும்மா. ரெண்டு வாரமா இங்க ஒருத்தருக்கும் லேட் மார்க்கே கெடையாது."

"யாராவது சொல்லியிருக்கலாம்ல?"

"கெடைச்ச புண்ணியத்தை எவனாவது கெடுத்துப்பானா?"

அந்த இயந்திரம் ஏற்கெனவே பலமுறை கோளாறு செய்ததுதான். நாளைக்குப் பார்க்கலாம் என்று மாடி ஏறினாள். மேலே கடவுச்சொல்லை மறந்தவர்கள் வரிசை கட்டி நின்றார்கள். கட்டளையை அடிக்க அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை.

மாலை, டீயை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே வந்தாள். ஆறு குட்டை குட்டையாக வற்றி, பாறைகள் வெளுத்துக் கிடந்தன. கம்பத்தடியில் மஞ்சள் புள்ளி குனிந்திருந்தது. கைபேசியில் மணி மூன்றே முக்கால். கையை ஆட்டத் தயாராக நின்றாள்.

சங்கு ஊதவில்லை.

டீ ஆறியது. துவைக்கும் கல்லில் ஒரு பெண் புடவையை ஓங்கி அடித்துக்கொண்டிருந்தாள். மதகு திறப்பதைத் தள்ளிப்போட்டிருப்பார்களோ என்று நினைத்தவளுக்குக் கணக்குப் பிரிவுக்காரரின் சிரிப்பு ஞாபகம் வந்தது. ரெண்டு வாரமா ஒருத்தருக்கும் லேட் மார்க்கே கெடையாது.

ஓடிப்போய்க் கட்டளையை அடித்தாள். பட்டியல் விழுந்தது. புதுப் பெட்டிகள் இரண்டு, ஒன்றுக்கு நட்சத்திரம், ஒன்றுக்குக் கூட்டல். வித்தியாசம் ஏறக்குறைய பூஜ்யம். பெருக்கல் குறியே இல்லை. இவ்வளவு அழகான பட்டியலை அவள் பார்த்ததே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

கிழவனின் முகவரியை அடித்து, நீ சொல், மணி என்ன என்று கேட்டாள். படிக்கட்டுக்குக் கீழிருந்து பதில் வந்தது. சர்வரைவிடப் பதினோரு நிமிடம் அதிகம். கைபேசியைப் பார்த்தாள். கிழவன் சொன்னதே அதிலும் இருந்தது.

பிறகுதான், தினமும் பார்த்தும் ஒருநாளும் படிக்காத அந்த இரண்டாவது நெடுவரிசையைப் படித்தாள். ஒவ்வொரு பெட்டியும் யாரிடம் நேரம் வாங்குகிறது என்று சொல்லும் வரிசை அது. இரண்டாவது பெட்டி முதல் பெட்டியிடம் வாங்கிக்கொண்டிருந்தது. முதல் பெட்டி? யாரிடமும் இல்லை. மாடியில் வெள்ளையடிக்க வந்தவர்கள் ஆன்டெனா ஒயரை அறுத்திருக்கலாம், எலி கடித்திருக்கலாம். வானத்திடம் கேட்பதை விட்டுவிட்டு அது தன்னையே கேட்டுக்கொண்டிருந்தது, தினமும் அரை நிமிடம் பிந்திப் பிந்தி. இரண்டு சாட்சிகள் இல்லை. ஒரே பொய்யன் இரண்டு முறை கை தூக்கியிருக்கிறான். அவன் வார்த்தையைக் கேட்டு, உண்மை சொன்ன ஒரே ஆளை அவள் வெளியே தள்ளியிருக்கிறாள்.

மதகு மட்டும் சரியான மணியில் இருந்தது. நாலு மணிக்கு அது திறக்கும்.

கணவனின் எண்ணை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கைபேசியை அவன் கரையில் வண்டிப் பெட்டிக்குள் பூட்டிவிட்டுத்தான் இறங்குவான், ஈரமாகிவிடும் என்று. அதையும் அவளே சொல்லிக்கொடுத்திருந்தாள்.

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான், நேரத்தைச் சரிசெய்வது. கிழவனைப் பட்டியலில் சேர்த்தாள், மற்ற இரண்டையும் தூக்கினாள், மெல்ல நகராதே, ஒரே தாவலாகத் தாவு என்று ஆணையிட்டாள். சர்வர் தாவியது. அதைப் பார்த்துச் சங்குக் கம்ப்யூட்டரும் தாவியது. மூன்று முப்பத்தெட்டாக இருந்தது மூன்று நாற்பத்தொன்பது ஆனது. கிழவனுக்கு முன்னால் நட்சத்திரம். இப்போது ஊதும் என்று ஜன்னலைப் பார்த்தாள்.

ஊதவில்லை.

போன வருடம் இப்படித்தான் ஒருநாள் சாப்பாட்டு மணி அடிக்கவில்லை. பின்தங்கியிருந்த கடிகாரத்தை அவள் முன்னால் தள்ளியபோது, அது மணியடிக்க வேண்டிய நிமிடத்தை மிதிக்காமலே தாண்டிவிட்டது. நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்து, இதுதானா என்று மட்டும் கேட்கிற முட்டாள் நிரல். தாண்டிவிட்டோமே என்று அது கேட்காது. சங்குக்கும் அதே நிரல்தான். அன்று எல்லோரும் பட்டினி கிடந்து, நேரக்காரி எங்க சோத்தை முழுங்கிட்டா என்று கேலி செய்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். அந்த நிரலை மாற்ற வேண்டும் என்று அன்றே நினைத்தாள். நினைத்ததோடு சரி.

சும்மா விட்டிருந்தால் நாலு நிமிடம் முன்னாலாவது ஊதியிருக்கும். அதையும் அவள் கையாலேயே அழித்துவிட்டாள்.

மதகுக்காரரை அழைத்தாள். "சார், தொறக்காதீங்க, நிறுத்துங்க! சங்கு ஊதல!"

"ஊதாம எப்படிம்மா தொறக்கும்?" என்றார் அவர், டீயை உறிஞ்சியபடி.

"ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல சார், அது தனி, இது தனி. நாலு மணிக்கு அது தொறந்துடும்!"

"பதறாதீங்க. நிறுத்தணும்னா எஞ்சினியர் சாவி வேணும், அவர் மேல நிக்கறாரு. சங்கு ஊதலேன்னா நான் போய்ச் சொல்றேன். லைன்லயே இருங்க."

தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டாள். ஒரே வழிதான் மிச்சம். நேரக்காரி என்று பெயர் வாங்கியவள் தன் கையால் ஒரு பொய் நேரத்தை வைக்க வேண்டும். சங்குக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தாள். அவசரத்தில் கடவுச்சொல் இரண்டு முறை தப்பியது. மூன்றாம் முறை திறந்தது. சர்வரோடு அதற்கிருந்த தொடர்பை வெட்டினாள். மணியைப் பின்னால் இழுத்து, மூன்றே முக்காலுக்குச் சில விநாடி முன்னால் நிறுத்தினாள். கைபேசியில் நாலு மணிக்கு இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. நாலு நிமிடத்தில் கரைக்கு வந்துவிடலாம். இப்போதே கிளம்பினால் வந்துவிடலாம். கடவுளே, ஊது, ஊது என்று வாய்விட்டுச் சொன்னாள்.

சங்கு ஊதியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"இதோ ஊதிடுச்சே!" என்றார் மதகுக்காரர். "நான் சொல்லல? வீணா மனுஷனைப் பயமுறுத்திட்டீங்க."

"ஐயோ சார், இது கால் மணி நேரம் இல்ல, சார்..."

அவர் வைத்துவிட்டார்.

அவள் ஜன்னலுக்குப் பாய்ந்தாள். துவைக்கும் கல்லில் இருந்த பெண் துணிகளை வாரிக்கொண்டு ஓடினாள். இரண்டு பேர் மாடுகளை விரட்டினார்கள். எல்லோரும் கரையேறிக்கொண்டிருந்தார்கள். ஆற்றின் நடுவே மஞ்சள் புள்ளி நிமிர்ந்தது. அலுவலகத்தைப் பார்த்தது. ஒரு கையை உயர்த்தி ஆட்டியது.

அவள் ஜன்னலைத் தள்ளித் திறந்து, இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி, போங்க, போங்க, ஓடுங்க என்று வெறிபிடித்தவள்போல வீசினாள். தொண்டை கிழியக் கத்தினாள். சங்கின் ஓலத்தில் அது அவள் காதுக்கே கேட்கவில்லை.

அவன் ஒரு கணம் நின்று பார்த்தான். மூன்று வாரம் கழித்து மனைவி இவ்வளவு ஆசையாகக் கை ஆட்டுகிறாளே என்று தோன்றியிருக்கும். தூரிகையைக் கீழே வைத்துவிட்டு அவனும் இரண்டு கைகளையும் தூக்கி, அவளைப் போலவே, முழு வீச்சில் ஆட்டினான்.

பிறகு தூரிகையை எடுத்துக்கொண்டு, கடைசித் தகட்டுக்குக் குனிந்தான்.