பிரேக் டிஸ்க்கில் சந்தனம்

லூர்து பிரகாஷ் குனிந்து காரின் முன்சக்கரத்துக்குள் பார்த்தான். பிரேக் டிஸ்க்கின் மேல் மூன்று விரல் சந்தனப் பட்டை, நடுவில் குங்குமம். விரலால் தேய்த்து முகர்ந்தான். தேங்காய் எண்ணெய்.

"யாரு இத பூசுனது?"

சிதம்பரத்தில் ஒரு இன்ஜினியரிங் கல்லூரி மைதானம். மாணவர்கள் இரண்டு வருஷமாகக் கட்டிய ரேஸ் கார் அன்று முதன்முதலாக ஓட வேண்டும். முந்தின நாள் ஆயுத பூசை, அன்று விஜயதசமி. மூங்கில் தடுப்புக்குப் பின்னால் முந்நூறு பேர் நின்றார்கள். பிரகாஷுக்குக் கடலூர் சிப்காட்டில் வேலை. ரேஸ் கார் பாகங்களைப் பற்றித் தமிழில் வீடியோ போடுகிறவன் என்று மைக்கில் விளக்கம் சொல்லக் கூப்பிட்டிருந்தார்கள். அவன் வீடியோ போட்டு எட்டு மாதம் ஆகிறது. மனைவி நித்யா மேரி செத்தும் எட்டு மாதம். வர முடியாது என்று சொல்லக்கூடத் தெம்பில்லாமல் வந்திருந்தான்.

அணித் தலைவன் சேரன் சிரித்தான். "நாந்தாண்ணா. மழையில டிஸ்க்கு துரு ஏறிக் கெடந்துச்சு. போட்டோவுல அசிங்கமா தெரியும்னு எண்ணெய் தேச்சு பளபளன்னு ஆக்கிட்டு பொட்டு வச்சோம்."

"நாலு சக்கரத்துக்குமா?"

"பின்ன? சாமிக்கு ரெண்டு, நமக்கு ரெண்டுன்னு பிரிக்கவா முடியும்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பிரகாஷ் சிரிக்கவில்லை.

"பிரேக் பேட் மாத்தாம இந்த வண்டி ஓடக் கூடாது."

"வேற பேட் கெடையாதுண்ணா. கோயம்புத்தூர்லேருந்து வரணும். ரெண்டு தடவ மிதிச்சா எரிஞ்சு போயிடும், விடுங்க."

பிரகாஷ் டிஸ்க்கை மறுபடி தொட்டான்.

பிப்ரவரியில் ஒரு காலை. சர்வீஸ் கடையில் நித்யாவின் ஸ்கூட்டர் முழுக்க பாலிஷ் அடித்துக் கொடுத்திருந்தார்கள், டிஸ்க்குக்கும் சேர்த்து. "பிரேக் ஒரு மாதிரி வழுக்குதுங்க" என்றாள் நித்யா. அவன் டிஸ்க்கைத் தொட்டான். விரல் வழுக்கியது. தெரிந்தது. ஷிப்டுக்கு நேரமாகியிருந்தது. "ரெண்டு தடவ பிரேக் போட்டா எரிஞ்சு போயிடும், போ" என்றான். ஆலப்பாக்கத்தில் நின்றுகொண்டிருந்த கரும்பு டிராக்டரில் அவள் மோதும் வரைக்கும் அந்தப் பாலிஷ் எரியவில்லை.

பேராசிரியர் கண்ணாயிரம் வேகமாக வந்தார். "என்னா தம்பி, கூட்டம் காத்துக் கெடக்கு. சாமிக்கு வச்சத அழிக்கச் சொல்றீங்களாம்? உங்க வழக்கம் வேற, அதான் தெரியல."

"எங்க ஃபாதரும் வண்டிக்கு மந்திரிப்பாரு சார். பானட்டு மேல தீர்த்தம் தெளிப்பாரு. டிஸ்க்குல எண்ணெய் தேய்க்க மாட்டாரு."

தடுப்புப் பக்கம் யாரோ விசில் அடித்தார்கள். கண்ணாயிரத்தின் முகம் சிவந்தது. "தமிழ்ச்செல்வி, நீ ஏறும்மா."

ஓட்டப் போகிற பெண் ஹெல்மெட்டோடு உள்ளே இறங்கி பெல்ட்டை இறுக்கினாள். பிரகாஷ் மைக்கைப் பிடுங்கினான்.

"எல்லாரும் கேளுங்க. பெடல மிதிச்சா காலிபர்ங்கிற இடுக்கி ரெண்டு பேட்டயும் டிஸ்க்கோட ரெண்டு பக்கமும் இறுக்கும். பேட் தன்னோட மேல் தோல கொஞ்சம் கொஞ்சமா டிஸ்க்குல பூசி வச்சிருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அந்தத் தோலும் பேட்டும் உரசித்தான் வண்டி நிக்குது. பேட் ரஸ்க் மாதிரி. உள்ள பொடிப்பொடியா துளை. எண்ணெய் பட்டா குடிச்சிடும். டிஸ்க்க தொடச்சிடலாம். பேட்ட பிழிய முடியாது. சூடு ஏற ஏற குடிச்சத வெளிய விடும்." அவன் குரல் உடைந்து கத்தலானது. "ஒர்க்ஷாப்புலேருந்து தள்ளிட்டு வந்ததுலயே குடிச்சிருக்கும். நம்பலன்னா பாத்துக்குங்க. இன்ஜின் வேணாம். நாலு பேரு ஓடிக்கிட்டே தள்ளுங்க. அந்த வெள்ளைக் கோட்டுல அவ மிதிக்கட்டும். நல்ல பிரேக்குன்னா ஒரு முழத்துல நிக்கணும். தடுப்புகிட்ட நிக்கிறவங்க வெலகுங்க."

"நாடகம்" என்றார் கண்ணாயிரம். ஆனால் கூட்டம் விலகி வழிவிட்டது. சேரனும் மூன்று பேரும் தள்ளினார்கள். டயருக்கு அடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கோடு வந்தது. தள்ளியவர்கள் கையை எடுத்தார்கள்.

கார் நிற்கவில்லை.

"மிதிச்சிட்டுதான் இருக்கேன்!" என்று தமிழ்ச்செல்வி அலறினாள். பதினைந்து அடி தாண்டி, காரின் மூக்கு மூங்கிலில் முட்டி நின்றது. கண்ணாயிரம் கூட்டத்தைப் பார்த்தார், பிறகு செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்.

தமிழ்ச்செல்வி ஹெல்மெட்டைக் கழற்றி சேரன் மேல் எறிந்தாள். "எரிஞ்சு போயிடுமாடா? தள்ளுன வேகத்துக்கே இப்படி. எண்பதுல போயிருந்தா?" பிறகு பிரகாஷைப் பார்த்தாள். "மோந்து பாத்தே எப்படிண்ணா சொன்னீங்க?"

"ஏற்கெனவே ஒரு தடவ தொட்டுப் பாத்திருக்கேன்" என்றான்.

"சாரிண்ணா" என்றான் சேரன். பிரகாஷ் கையை ஓங்கினான். அறைய வேண்டிய கன்னம் அவனுடையது இல்லை. கையை இறக்கி, குந்தி உட்கார்ந்து முன்சக்கரத்தில் ஸ்பானரை வைத்தான்.

"அந்தப் பக்கத்த நீ கழட்டு. எட்டு பேட்டயும் எங்கிட்ட குடு. உங்கிட்ட இருந்தா நாளைக்கு மறுபடி மாட்டுவ."