ஒரு கொக்கி குறைச்சல்

பழைய கம்ப்யூட்டர்களை ஏற்றிப்போக வண்டி வாசலில் வந்து நின்ற பிறகுதான் கணக்கு டீச்சருக்குச் சேதி எட்டியது. ரிட்டையர் ஆனவர், முட்டிவலிக்காரர், மாடிப்படி என்றாலே முகத்தைச் சுளிப்பவர். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு லேபுக்கு ஏறிவந்த வேகத்தைப் பார்த்து, மானிட்டரை ஏந்தி நின்ற பழைய சாமான்காரர் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்.

"அந்த மூலையில இருக்கே, அதை மட்டும் கொஞ்ச நேரம் விட்டுடுங்க. எனக்கு அதுல ஒரு பாடம் பாக்கி இருக்கு."

லேபைப் பார்த்துக்கொள்ளும் புது மிஸ்ஸுக்குத் தர்மசங்கடமாகப் போயிற்று. "டீச்சர், அது உயிரோட இருக்கிறதே பெரிசு. உள்ளே கரகரன்னு சத்தம். காப்பி எடுக்கப் பார்த்தேன், பாதியிலேயே நின்னுடுச்சு. இன்னொரு தடவை ஆன் ஆகுமான்னு எனக்கே தெரியலை."

"ஒரு தடவை ஆனா போதும்மா."

அந்த மெஷினில் இருந்தது டீச்சருடைய வீட்டுக்காரரின் குரல். வேறு எங்கேயும் அது இல்லை. ஊரார் கல்யாணத்தையெல்லாம் பதிவு செய்து கொடுத்த மனுஷன், தன் குரலை இதில் மட்டும்தான் விட்டுவைத்திருந்தார்.

அவர்தான் இந்தப் பள்ளிக்கூடத்தின் முதல் கம்ப்யூட்டர் சார். மெஷின்களுக்கு உறை தைத்துப் போட்டு, செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் பிள்ளைகள் பூனைநடை நடந்து வந்த காலம் அது. பாடங்களை அவரே எழுதினார். திரையில் கேள்வி வரும், பிள்ளை விடையைத் தட்டும். சரியாக இருந்தால் ஸ்பீக்கரில் அவர் குரல், "சபாஷ்டா ராஜா!" தப்பென்றால், "பரவாயில்லை, இன்னொரு தடவை பாரு." பாடம் முடிந்ததும் பாடத்துக்கு ஒன்றாக ஏதாவது பேசுவார். அதைக் கேட்பதற்காகவே பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். இப்போது வந்திருக்கும் டெஸ்டில் பச்சை, சிவப்பு, மார்க், ஆளைவிடு. ரொம்ப வேகமாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

எந்தப் பாடமும் பிள்ளைகளிடம் போவதற்கு முன்னால் டீச்சர்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது சார் வைத்திருந்த சட்டம். அதிலும், தப்பான விடையையும் போட்டுப் பார்க்க வேண்டும். டீச்சருக்கு அதுதான் பாகற்காய்.

"தெரிஞ்சே எப்படிங்க தப்பா போடறது? கை வரமாட்டேங்குது."

"சரியா போடறவனுக்கு நான் எதுக்கு? தப்பா போடறவன்தான் என் பிள்ளை. போடு, போடு."

சாருக்கு டீச்சர் வைத்த பட்டப்பெயர் மைனஸ் ஒண்ணு. காரணம் வீட்டு ஹாலில் தொங்கியது. ஆறடிக் கம்பியில் திரைச்சீலை மாட்ட, அடிக்கு ஒரு கொக்கி என்று கணக்குப் போட்டு ஆறே ஆறு வாங்கி வந்தார் மனுஷன். இரண்டு முனைக்கும் சேர்த்தால் ஏழு வேண்டாமா? ஒரு முனை தொங்கிப்போயிற்று. "கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணும், தெரியுமா?" என்று ஜம்பம் வேறு. டீச்சர் விடுவாரா? தீக்குச்சியை அடுக்கிக் காட்டி, கோடு போட்டுக் காட்டி, தொண்டை வற்ற விளக்கினார். சார் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுவிட்டு, "என்ன இருந்தாலும் ஆறுதான்" என்பார். வாங்கினவரே வந்து மாட்டட்டும் என்று டீச்சரும் வீம்பாக அந்தக் கொக்கியை வாங்கவே இல்லை.

கடைசியாக அவர் எழுதியது வேலிக் கணக்குப் பாடம். "இன்னைக்கு உக்காந்து பாத்துடேன்" என்று காலையிலேயே கேட்டார். டீச்சர் கையில் பரீட்சைப் பேப்பர் கட்டு. "நாளைக்குப் பாக்கறேங்க, பிடுங்காதீங்க" என்றார். அன்று மத்தியானமே, இதே லேபில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டார்.

அதற்கப்புறம் டீச்சர் அந்தப் பாடத்தைத் திறக்கவில்லை. மனசு வரவில்லை. இன்னும் கேட்காத பேச்சு ஒன்று அங்கே இருக்கிறது என்ற நினைப்பிலேயே இத்தனை வருஷத்தை ஓட்டிவிட்டார். முழுசாகக் கேட்டுவிட்டால் அப்புறம் அவர் புதுசாகச் சொல்ல என்ன இருக்கிறது?

மெஷின் முனகிக்கொண்டே எழுந்தது. கேள்விகள் ஒவ்வொன்றாக வந்தன. ஸ்பீக்கர் இருமியது. "சபாஷ்டா ராஜா!" டீச்சர் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டார். புது மிஸ் செல்போனை நீட்டிப் பதிவு செய்யத் தொடங்கினாள்.

கடைசிக் கேள்வி: பத்து மீட்டர் நீள வேலி. மீட்டருக்கு ஒரு கம்பம், இரண்டு முனையிலும் கம்பம் உண்டு. மொத்தம் எத்தனை?

டீச்சர் பதினொன்று என்று தட்டினார்.

"பரவாயில்லை, இன்னொரு தடவை பாரு."

மறுபடியும் பதினொன்று. மறுபடியும் அதே குரல். உள்ளே கரகரப்பு கூடியது. திரை ஒருமுறை சிமிட்டியது.

"டீச்சர், சீக்கிரம்! ஆஃப் ஆயிடும் போலிருக்கு!"

"அடப்பாவி மனுஷா!" டீச்சருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "இங்கேயும் கொண்டுவந்து உங்க கணக்கையே வச்சிருக்கீங்களே! பிள்ளைங்க கெட்டுப்போகாதா?" பத்து என்று தட்ட விரல் நீண்டது, பின்வாங்கியது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை எதற்காகக் கண்டித்தாரோ, அதையே இப்போது தன் கையால் போட வேண்டும். போடு, போடு என்று முதுகுக்குப் பின்னால் அவர் நிற்பது போலவே இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு பத்து என்று தட்டினார்.

"சபாஷ்! ஒரு நாளாவது என் கணக்கை ஒத்துக்கிட்டியே, டீச்சரம்மா!" சார் சிரித்தார். "பயப்படாதே, பிள்ளைங்களுக்குப் போகும்போது விடையைப் பதினொண்ணா மாத்திடறேன். எனக்குத் தெரியாதா என்ன? கொக்கியும் அன்னைக்கு ஏழுதான் வாங்கினேன். ஒண்ணு தையல் மெஷின் டிராயர்ல, நூல் டப்பாவுக்கு அடியில கிடக்கு. நீ தீக்குச்சி அடுக்கி எனக்குப் பாடம் நடத்தினே பாரு, அது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. அதான் ஒளிச்சு வச்சேன். சரி, போதும் உன்னைப் படுத்தினது. இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நானே மாட்டிடறேன். நீ ஸ்டூலை மட்டும் பிடிச்சுக்கோ."

அப்புறம் பாடம் முடிந்தது என்ற எழுத்து வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் போய்விட்டது.

புது மிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பதிவாயிடுச்சு டீச்சர்" என்றாள். டீச்சர் தலையை ஆட்டினார். பழைய சாமான்காரர் மெஷினைத் தூக்கும்போது, "பார்த்துப்பா, மெதுவா" என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் டிராயரைத் திறந்தார். நூல் டப்பாவுக்கு அடியில், பளபளப்பு மங்கி, அந்தக் கொக்கி இருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டார். அது ஆடியது. பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. தொங்கிய முனையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். வீடே கேட்கும்படி அழுதார்.

பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, கொக்கியை எடுத்த இடத்திலேயே, நூல் டப்பாவுக்கு அடியிலேயே வைத்து டிராயரை மூடினார். திரைச்சீலை ஏன் தொங்குகிறது என்று யாராவது கேட்டால், எப்போதும் சொல்வதையே சொல்லிக்கொள்ளலாம்: வாங்கினவருக்குக் கணக்கு வராது.